பாட்டிலுக்குள் ஏறிய கறுப்பு

நம் வீட்டு ஷோகேஸில், நீங்கள் ஜெயித்த கோப்பைகளுக்கு நடுவே, ஒரு காகிதப் பட்டையோடு ஊறுகாய் பாட்டில் ஒன்று நிற்கிறதே, அது உங்கள் அத்தையுடையது. "சும்மாத்தானே கிடக்குது, தூக்கிப் போடேன்" என்கிறாள் உங்கள் அம்மா. நான் விடுவதில்லை.

ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் நான் தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம் ஓட்டினேன். என் தங்கச்சி, அதாவது உங்கள் அத்தை, அங்கேயே லேபில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அப்போது நான் சாயம் போட்ட கறுப்புத் தோலை ஈரத்துணியால் தேய்த்தால், துணியில் ஆரஞ்சு இறங்கியது. ஆரஞ்சுச் சாயம் அள்ளிய பிளாஸ்டிக் மக்கைக் கழுவாமல் கறுப்பு டின்னில் விட்டுவிட்டேன் என்று சூப்பர்வைசர் கத்தினார். வேலை போகிற நிலை. கழுவினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாயத்தைப் பிரித்துப் பார்க்கிறேன் என்று அத்தை சொன்னதும், "தங்கச்சி டெஸ்ட் பண்ணா அண்ணன் பாஸ்தானே!" என்று டிரம் பக்கம் ஒரே சிரிப்பு. அவள் நேராக என்னிடம் வந்தாள். "அண்ணா, நீ கலந்திருந்தா அதுவும் தெரிஞ்சிடும். நான் மறைக்க மாட்டேன்."

ஒரு காகிதப் பட்டையின் அடிநுனிக்குச் சற்று மேலே என் டின் சாயத்தில் ஒரு பொட்டு வைத்தாள். பக்கத்திலேயே, அதே சரக்கில் சீல் உடைக்காத டின்னைச் சூப்பர்வைசர் கையாலேயே திறக்கவைத்து இன்னொரு பொட்டு. ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் பட்டையை நிறுத்தினாள். நுனி நனைந்ததும் சாயம் மொத்தமும் ஒன்றாக உச்சிக்கு ஓடியது. புதுப் பட்டையில் பொட்டு வைத்து, பெட்ரோல் வாசமடிக்கும் திரவத்தில் நிறுத்தினாள். இம்மியும் நகரவில்லை. "இன்னாம்மா, அங்க ஓடுது, இங்க தூங்குது?" என்றார் சூப்பர்வைசர். "தண்ணிக்குச் சாயத்தோட தோஸ்தி ஜாஸ்தி சார், எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிடுது. இதுக்குச் சுத்தமா ஆகாது. நடுவுல ஒண்ணு வேணும்." ஆல்கஹாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும், பட்டை மேல் பட்டையாக நிறுத்திப் பார்த்தாள். உங்கள் பாடப் புத்தகம் முனைவுத்தன்மை என்கிறதே, அவளுடைய தோஸ்தி அதுதான்.

சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் நகரவில்லை. ஒரு பட்டையில் கறுப்பைக் கீழே விட்டு ஆரஞ்சு தனியாக மேலேறியது. இரண்டு பொட்டிலும், ஒரே உயரத்தில். சீல் உடைக்காத டின்னிலும் ஆரஞ்சு! சாயம் வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. சூப்பர்வைசர் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உன் மக்கு சுத்தம்தான், போப்பா."

இன்று அந்த லேபே அவள் பொறுப்பில். பாட்டிலில் இருக்கும் பட்டை வெளுத்துவிட்டது, ஆரஞ்சு இருந்த இடத்தை நான் காட்டினால்தான் உங்களுக்குத் தெரியும். நான் தப்பு செய்திருந்தால் அதையும் இதே பட்டையில் காட்டியிருப்பாள். அது ஃபேக்டரிக்கே தெரியும். அதனால்தான் நான் கலக்கவில்லை என்று அவள் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் கோப்பைகளை வேண்டுமானால் கொஞ்சம் தள்ளி வையுங்கள், பாட்டில் அங்கேயே இருக்கட்டும்.