வாசிப்பறையில் ஒரு ‘க்கும்’

அந்த நூலகத்தின் அமைதி தானாக வந்ததல்ல. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு பெண்மணி அதைத் தினமும் தயாரித்துக்கொண்டிருந்தார். நூலகர் என்பது அவருடைய பதவி. ‘உஷ் மேடம்’ என்பதுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

அவருக்கு ஒரு முறைமை உண்டு. முதல் குற்றத்துக்கு வெறும் ‘உஷ்’. இரண்டாவதற்கு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு ‘உஷ்’. மூன்றாவதற்கு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்று ஒரு ‘உஷ்’. நாற்காலி தள்ளும் சத்தம் தெரு வரை கேட்கும். அது குற்றமாகாது, நிர்வாகம். ஒருமுறை மின்விசிறியைக் கழற்ற ஏணியில் ஏறியிருந்த எலக்ட்ரீஷியனை அவர் ‘உஷ்’ என்றதில், பாவம், கையிலிருந்த ஸ்குரூடிரைவர் நழுவி அகராதிப் பிரிவில் விழுந்தது. அதற்கும் ஒரு ‘உஷ்’ கிடைத்தது.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஊர் வியந்ததுண்டு. வெளியூர்ப் பேருந்து ஓட்டும் ஓர் இளைஞர், இன்ஜின் பழுதுபார்ப்புப் புத்தகம் ஒன்றைத் திருப்பித் தர வந்தார். மேசைக்கு முன்னால் நின்று, சத்தமே இல்லாமல் நான்கு முறை கண்ணடித்தார். தேதி முத்திரையைத் தன் கட்டைவிரலிலேயே குத்திக்கொண்டார் நூலகர். தன்னிடம் இவ்வளவு துணிச்சலாக நடந்துகொண்ட முதல் ஆண் என்ற ஒரே தகுதியில் அவரைக் கணவராக்கிக்கொண்டார்.

அந்தத் துணிச்சலின் விளைவாக ஒரு மகள். இப்போது ஒன்பது வயது.

மகளுக்கு ஏழு வயதில் கண் சிமிட்டல் வந்தது. வீட்டில் சொட்டு மருந்து போட்டார்கள். மூன்று வாரத்தில் நின்றது. சொட்டு மருந்துக்குப் புகழ். எட்டு வயதில் மூக்கை உறிஞ்சத் தொடங்கினாள். ஆவி பிடிக்க வைத்தார்கள், நின்றது. ஆவிக்குப் புகழ். ஒன்பதில் தொண்டைக்குப் போனது. ‘க்கும்.’ சிறிய சத்தம்தான். ஆனால் அது நிகழ்ந்த இடம், ஊரிலேயே அதிகம் காவல் காக்கப்பட்ட அமைதிக்கு நட்டநடுவில்.

வேறு வழியும் இல்லை. பள்ளி மூன்றரைக்கு விடும், நூலகம் ஆறு மணிக்கு மூடும். அப்பா ஒரு நாள் வண்டியில், மறுநாள் உள்ளே தாழ் போட்டு, இடி விழுந்தாலும் எழாத தூக்கத்தில். எப்படியும் வீடு பூட்டிக் கிடக்கும். ஆகவே மகள் தன் உறுப்பினர் அட்டையைக் காட்டிவிட்டு, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஐந்து நிமிடத்துக்கொரு தரம் ‘க்கும்’ என்பாள். அம்மா உடனே ‘உஷ்’ என்பார். பிறகு ‘க்கும், க்கும்.’ பிறகு கண்ணாடி இறங்கிய ‘உஷ்’.

வாசிப்பறையில் முப்பது வைத்தியர்கள் இருந்தார்கள். நாளிதழ் படிக்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

“வெந்நீர் குடுங்க மேடம்.”

“ஐஸ்கிரீமை நிறுத்துங்க.”

“ஒரு அறை விடுங்க, ஓடிப் போயிடும். எங்கண்ணன் பையனுக்கு அப்படித்தான் போச்சு.”

கடைசி யோசனையைச் சொன்னவர் முதல் பக்கத்தார். பணி ஓய்வு பெற்றவர். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் நாளிதழின் முதல் பக்கத்தைக் கைப்பற்றுவார். மாலைவரை அது யாருக்கும் கிடைக்காது. மற்றவர்கள் நாட்டு நடப்பை மூன்றாம் பக்கத்திலிருந்துதான் தெரிந்துகொள்வார்கள்.

தன் யோசனை எடுபடாத கோபத்தில் அவர் ஒருநாள் புகார்ப் புத்தகத்தைத் திறந்தார். கயிறு கட்டித் தொங்கிய அந்த நோட்டில் அதுவரை இருந்தவை இரண்டே புகார்கள்: ஒன்று மின்விசிறியைப் பற்றி, இன்னொன்று புகார்ப் புத்தகத்தில் பேனா இல்லாததைப் பற்றி. மூன்றாவதாக அவர் எழுதினார்: ‘நூலகரின் மகள் வேண்டுமென்றே தொண்டையைச் செருமி வாசகர்களுக்கு இடையூறு செய்கிறாள். கண்டிக்க வேண்டியவரே தாய்.’ ஒரு நகலைத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினார்.

பதில் வந்தது. மூன்று வாரத்தில் அதிகாரி நேரில் வருவார். புகார் உண்மையானால் குழந்தை வாசிப்பறைக்குள் அனுமதிக்கப்பட மாட்டாள்.

நூலகர் கடிதத்தை நான்காக மடித்தார். மூன்றரை மணியிலிருந்து ஆறு மணிவரை ஒன்பது வயதுப் பெண்ணைப் பூட்டிய வீட்டுப் படியில் உட்கார வைப்பதா? இல்லை, இருபத்திரண்டு வருட வேலையை விட்டுவிட்டுத் தானும் அதே படியில் உட்காருவதா? மூன்றாவது வழியாக அவருக்குத் தோன்றியது, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றே ஒன்றுதான்.

“ஆறு மணி வரைக்கும் அடக்கிக்கோடி. வீட்டுக்குப் போய் எவ்வளவு வேணா பண்ணிக்கோ.”

மகள் அடக்கினாள். முகம் சிவக்க, பென்சிலை இறுக்கிப் பிடித்து, இரண்டு மணி நேரம். கணக்குப் புத்தகத்தில் ஒரு கணக்குக்கூட முடியவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அணை உடைந்தது. படுக்கும்வரை ‘க்கும் க்கும் க்கும்’ நிற்கவில்லை.

“பாத்தீங்களா?” என்றார் நூலகர், அன்று வீட்டிலிருந்த கணவரிடம். “அங்க அடக்க முடியுது, இங்க முடியலையாம். வேணும்னே பண்றா. எல்லாம் கொழுப்பு.”

கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “டாக்டர்கிட்ட காட்டிடலாமே” என்றார்.

குழந்தைகளுக்கான நரம்பு மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். எதிரே மூவரும் உட்கார்ந்தார்கள். மருத்துவர் மகளைப் பார்த்து, “சத்தம் வர்றதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

“அது ஒண்ணுமில்ல டாக்டர், இவ…” என்று தொடங்கினார் அம்மா.

“நான் உங்களைக் கேக்கலம்மா.”

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவரை ஒருவர் ‘உஷ்’ என்றது அதுவே முதல் முறை.

மகள் யோசித்தாள். “தொண்டைக்குள்ள யாரோ காலிங் பெல் அடிக்கிற மாதிரி இருக்கும். கதவைத் திறந்தாத்தான் நிப்பாட்டுவாங்க.”

“இதைவிட நல்லா எங்க புத்தகத்துலகூட எழுதல” என்று மருத்துவர் குறித்துக்கொண்டார். பிறகு பெற்றோர் பக்கம் திரும்பினார். “இதுக்கு ‘டிக்’னு பேரு. கண்ணு, மூக்கு, தொண்டை எல்லாம் ஒரே ஆளு, சட்டைதான் வேற. மூளையில இருந்து வர்ற உந்துதல். கெட்ட பழக்கம் இல்ல, திமிரும் இல்ல. நிறையக் குழந்தைங்களுக்கு வரும். ஏறும், இறங்கும், இடம் மாறும். இறங்குற நேரத்துல பக்கத்துல எது இருந்துச்சோ, அது பேரைத் தட்டிட்டுப் போயிடும்.”

சொட்டு மருந்தும் ஆவியும் அந்த அறையிலேயே பதவி இழந்தன.

“ஆனா அடக்கச் சொன்னா அடக்குறாளே டாக்டர்?”

“தும்மலைக்கூடத்தான் கொஞ்ச நேரம் அடக்கலாம். அதுக்காகத் தும்மல் நடிப்பாயிடுமா? அடக்குறதுலயே அவ பாதி சக்தி போயிடும். அப்புறம் கணக்கு எங்க போடுறது?”

“மாத்திரை?”

“இருக்கு. வலி, படிப்பு கெடுறது, கூடப் படிக்கிறவங்க கேலி, இப்படி ரொம்பத் தொந்தரவானாத்தான். இவளுக்கு இப்போதைக்குப் பயிற்சி போதும். பெரும்பாலும் வளர வளரக் குறைஞ்சிடும். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?”

“எங்க வீட்டுல அப்படி யாருமே கிடையாது” என்றார் நூலகர், அட்டவணையைச் சரிபார்த்தவர் போல.

கணவர் மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். “எனக்குச் சின்ன வயசுல… கண்ணு. இப்பவும் பதட்டமானா வரும்.”

அறையில் அமைதி. நல்ல தரமான அமைதி.

“அப்ப அன்னிக்கு லைப்ரரில?” என்றார் நூலகர் மெதுவாக.

“புத்தகம் பன்னெண்டு நாள் லேட்டு. நீ வேற முறைச்சுக்கிட்டே இருந்த. பயந்துட்டேன்.”

“நாலு தடவை கண்ணடிச்சீங்களே!”

“நான் எங்க அடிச்சேன்? அதுவா அடிச்சுது.”

மருத்துவர் மேசை இழுப்பறைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினோரு வருடக் குடும்ப வாழ்க்கையின் அடிக்கல்லை யாரோ உருவிவிட்டது போல நூலகர் உட்கார்ந்திருந்தார். “அப்புறம் பிடிச்சுப் போச்சுல்ல” என்று கணவர் சேர்த்துக்கொண்டது எந்தப் பயனும் தரவில்லை.

பயிற்சி கொடுத்தவர் இன்னொரு பெண். அடுத்த வாரமே மகளுக்கு அவர் ஒரு வழி காட்டினார்: பெல் அடிக்கும்போது வாயை மூடு, மூக்கால் மெதுவாக மூச்சை இழு, மெதுவாக விடு, அடிப்பவருக்குக் கை வலிக்கும்வரை தொடர்ந்து செய். முடியாவிட்டால் கதவைத் திற, தப்பில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வேலைதான் கடினம்.

“முதல் மூணு நாள் எப்பவும் போல இருங்க. ஒரு மணி நேரத்துல எத்தனைன்னு கோடு மட்டும் போடுங்க. நாலாவது நாள்ல இருந்து அவ சத்தம் போட்டா கண்டுக்கவே கூடாது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.”

“‘உஷ்’ஷுன்னு மட்டும் சொல்லலாமா?”

பயிற்சியாளர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். “நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

நூலகரிடம் எண்ணச் சொன்னது பயிற்சியாளர் செய்த தவறு. எதையும் வகைப்படுத்தாமல் விட அவருக்குத் தெரியாது. அறையில் கேட்கும் மற்ற சத்தங்களைப் பதியாமல் ஒரே ஒரு சத்தத்தைப் பதிவது அவர் தொழில் தர்மத்துக்கு விரோதம். பழைய வரவுப் பதிவேடு ஒன்றை எடுத்துக் கட்டம் கட்டினார். நான்கிலிருந்து ஐந்து மணிவரை, ஆளுக்கொரு கட்டம்.

மூன்றாம் நாள் மாலை, அன்றைய ஒரு மணி நேரக் கோடுகளைக் கூட்டிப் பார்த்தார். மகள்: நாற்பத்தொன்று. மூலையில் தூங்குபவரின் குறட்டை: பதினேழு. முதல் பக்கத்தார்: முப்பத்தெட்டு. அதில் செருமல் இருபது, தாளை உதறியது பதினாறு, “லைப்ரரில இருக்கேன், சத்தமாப் பேச முடியாது” என்று தொலைபேசியில் முழங்கியது இரண்டு.

கடைசிக் கட்டத்தில் ‘உஷ்’ என்று எழுதியிருந்தார். ஐம்பத்தாறு.

மறுபடி எண்ணினார். ஐம்பத்தாறுதான். இன்னொன்றும் கண்ணில் பட்டது. நேரத்தோடு பதிந்திருந்ததால் மறைக்க வழியில்லை: மகளை நோக்கிச் சொன்ன ஒவ்வொரு ‘உஷ்’ஷுக்குப் பின்னும் அவளுடைய கோடுகள் மூன்று நான்காகக் குவிந்திருந்தன. நெருப்பை அணைக்கிறோம் என்று அவர் ஊற்றிக்கொண்டிருந்தது தண்ணீரல்ல.

நான்காம் நாள் அவர் நிறுத்தினார். ‘உஷ்’ சொல்ல நாக்கு எழும்போதெல்லாம் பென்சிலைக் கடித்தார். மகளுக்குச் சொல்லித்தந்த மூச்சைத் தானும் விட்டார். வாசகர்கள் கலவரமடைந்தார்கள். “மேடத்துக்கு உடம்பு சரியில்லையா?” என்று தூங்குபவர் விழித்துக் கேட்டார். பத்தாம் நாள் அதே ஒரு மணி நேரத்தில் மகளின் எண்ணிக்கை இருபத்து மூன்று. மறைந்துவிடவில்லை, ஆனால் கணக்குப் புத்தகத்தில் பக்கங்கள் நகர்ந்தன.

ஆய்வு நாள் வந்தது. முந்தைய நாள் மாலை நூலகர் ‘உஷ்’ என்று எழுதிய கடைசிக் கட்டத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டலாமா என்று பசைப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒட்டினால் வேலைக்கு நல்லது. ஆனால் அந்தக் கட்டம் இல்லாவிட்டால் நாற்பத்தொன்று ஏன் இருபத்து மூன்றானது என்பதற்குக் காரணமே இருக்காது. மகள் நினைத்தால் நிறுத்துகிறாள் என்றாகிவிடும். பசைப் புட்டியை மூடினார்.

அதிகாரி அன்று ஏற்கெனவே மூன்று நூலகங்களைப் பார்த்துவிட்டுக் களைத்து வந்தார். அவரைக் கண்டதும் மகளுக்குப் பெல் விடாமல் அடித்தது. க்கும். க்கும். க்கும்.

முதல் பக்கத்தார் எழுந்தார். “கேட்டீங்களா சார்? க்கும்! எப்படிப் படிக்கிறது? க்கும்!”

“இது நீங்க பண்ணதா, அவ பண்ணதா?” என்றார் அதிகாரி.

நூலகர் மருத்துவரின் கடிதத்தையும் பதிவேட்டையும் மேசையில் வைத்தார். அதிகாரி கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்தார். பதிவேட்டில்தான் அவர் விரல் நின்றது; அட்டவணை போட்ட எதையும் அதிகாரிகளால் தாண்டிப் போக முடியாது.

“ஐம்பத்தாறா? யாரு இந்த ஆளு? முதல்ல இவரை வெளியேத்தணும்.”

“நான்தான் சார்.”

அதிகாரி நிமிர்ந்தார். பக்கத்தைத் திருப்பினார். “இந்தத் தேதியில இருந்து சைபர் ஆயிருக்கே?”

“நிறுத்திட்டேன் சார்.”

“பாப்பாவோடதும் குறைஞ்சிருக்கு.”

“ஆமா சார். வேணும்னே பண்ணல. நான் அதட்டினா ஏறுது, விட்டா இறங்குது.” கொஞ்சம் தயங்கி, “இன்னிக்கு நீங்க வந்ததால ஏறியிருக்கு” என்றார்.

“அப்ப சீக்கிரம் கிளம்பிடுறேன்.” அதிகாரி பேனாவைத் திறந்து நின்றபடியே எழுதினார்: உறுப்பினர் அட்டை உள்ள குழந்தைக்கு மருத்துவக் காரணத்தால் உண்டாகும் ஒலி விதிமீறல் ஆகாது, அனுமதி தொடரும். கீழே இன்னொரு வரி எழுதி, அடிக்கோடிட்டார்.

முதல் பக்கத்தார் விடவில்லை. “அப்ப என் புகார் என்னாச்சு சார்?”

“முழுசா ஏத்துக்கிட்டாச்சு. அதிகமாச் சத்தம் போட்டவங்க மேல நடவடிக்கை எடுத்தாச்சு.”

அடுத்த வாரம் குறிப்பாணை வந்தது. ‘வாசிப்பறையில் மணிக்கு ஐம்பத்தாறு முறை ஒலி எழுப்பிய பணியாளர் எச்சரிக்கப்படுகிறார்.’ இருபத்திரண்டு ஆண்டுச் சேவையில் அவர் பெற்ற முதல் கறை. மூன்று பிரதிகளிலும் கையெழுத்திட்டு, தேதி முத்திரை குத்தி, ஒன்றைத் தன் கோப்பில் தானே வைத்தார்.

மூன்று நாற்பதுக்கு மகள் உள்ளே வந்தாள். அட்டையைக் காட்டினாள்.

“போடி, ஜன்னலோர இடம் போயிடப் போகுது” என்றார் அம்மா.