பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்

பதுளையில் ஒரு கடைக்காரர் விற்கவிருந்த சின்ன வீட்டைப் பார்க்க, தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாய் ஒட்டியிருந்த எங்கள் ஒற்றையறைக் காம்பராவிலிருந்து நானும் மனைவியும் போனோம். காலி அறையில் நின்று இருவரும் கிசுகிசுத்தோம்.

“ஏம்மா ரகசியம் பேசுறீங்க?” என்றார் கடைக்காரர்.

“அட்வான்ஸ் குடுக்க வழியில்லன்னு பேசிக்கிட்டோம்ங்க. மெதுவாப் பேசியே பழகிப்போச்சு. லயத்துல பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டுருமே” என்றாள் மனைவி.

“எங்கம்மாவும் லயத்துலதான் இருந்தாங்க. டவுனுக்கு வந்தும் கடைசிவரைக்கும் இப்படித்தான் பேசுனாங்க. அட்வான்ஸ் வேணாம், வெலைய மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமாக் குடுங்க” என்று கடைக்காரர் சாவியை நீட்டினார்.

குடிபோன அன்று, காய்ச்சிய பால் பொங்கி வழிந்தபோது மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

அமைதியான சுபாவம் என்றுதான் அவளைப் பற்றி இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.