யானை வடிவத்தில் ஓர் ஓட்டை

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் அந்த அம்மா, குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடியேதான் கதைப்பார். கோபம் வந்தால் மட்டும் அவற்றை எடுப்பார். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த மாடி அறை அவருடையது. வருகிற எல்லோரும் கேட்பது யானைப் போர்வை. நானும் அக்காவின் மகனுக்கு ஒரு நீல யானை கேட்டேன்.

“எத்தினை யானையைத்தான் தைக்கிறது, தம்பி? புது வருஷத்திலை ஓடரே எடுக்கமாட்டன். யன்னலாலை தெரியிற இந்தத் துறைமுகத்தைத் தைக்கப்போறன்.”

அதற்கான தண்ணீர், பலவகை நீலத் துண்டுகளாக, ஏற்கெனவே தைக்கப்பட்டுச் சுவரில் தொங்கியது.

பிறகு ஃபோனில், “கடையிலை நீலம் இல்லை. சாம்பல் யானை எண்டால் பரவாயில்லையோ?” என்று கேட்டார். நீலம்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

போர்வையை எடுக்கப் போனபோது, சுவரில் தொங்கிய தண்ணீரின் நடுவே யானை வடிவத்தில் ஓர் ஓட்டை.

“ஐயோ, இதை ஏன் வெட்டினீங்கள்?”

குண்டூசிகளை எடுத்தார்.

“சாம்பல் எண்டு கேட்டனான்தானே? விட்டனீங்களே?”

மறுபடி குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, வேறு யாருக்கோ ஒரு தும்பிக்கையை வெட்டத் தொடங்கினார்.

அக்காவின் மகன் இப்போது தினமும் அந்தத் துறைமுகத்தில்தான் மூத்திரம் பெய்கிறான்.