முக்கியமான மூன்று ஆட்டங்கள்

இன்று பிராங்பேர்ட் ரயிலில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய மகன் அமெரிக்காவில் படிக்கிறான், கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடுகிறான்.

வரப்போகும் பருவத்தின் ஆட்டப் பட்டியலை எடுத்துக் காட்டினார். மூன்று ஆட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

"இந்த மூண்டும்தான் தம்பி முக்கியம்."

"ரொம்ப ஸ்ட்ராங் டீமா அண்ணே?"

"இல்லை, லேசா வெல்லக்கூடிய ஆக்கள். வெண்டால்தான் மகன் எனக்குப் போன் எடுப்பான். தோத்தால் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டான்."

"நீங்களே கூப்பிடலாமே?"

"எடுத்தால், பிறகு கதைக்கிறன் அப்பா எண்டு வைச்சிடுவான்."

அவர் இறங்கிப் போனபின் அந்த இருக்கையில் யாரும் வந்து உட்காரவில்லை.

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் யாருக்காவது ஆள் பழக்கம் உண்டா? இன்னும் நாலைந்து அணிகளைத் தோற்கச் சொல்ல வேண்டும்.