சோற்றுக்கைக்கு மூன்று கருவிகள்

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அங்கிள், கையை ஆட்டி வெளையாடுற செட்டுல எது பெஸ்ட்?" எந்த விளையாட்டுக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். அதை யோசித்துவிட்டு ஒருவரும் வருவதில்லை.

தெங்கேராவில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்த்து விற்பது என் பிழைப்பு. விளையாட்டில் தோற்றவர்கள் கருவியில்தான் கோளாறு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். திறந்து பார்த்தால் தூசியைத் தவிர ஒன்றும் இருக்காது. அதனால் எந்தக் கருவி எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எனக்கு மனப்பாடம். கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். அந்தப் பெருமையோடுதான் என் அண்ணனின் கையைச் சரிசெய்யக் கிளம்பினேன்.

அண்ணன் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலைக் குழாய்களுக்கு வெல்டிங் செய்தவர். ஒருநாள் காலையில் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் ஊன்றுகோலோடு திரும்பி வந்தது, வலது கை மட்டும் வரவில்லை. தோளில் கொஞ்சம் அசைவு இருந்தது. முழங்கை மடங்காது. விரல்கள் மடங்கியபடியே கிடக்கும்.

மகள் கல்யாணத்துக்கு எட்டு மாதம் இருந்தது. மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. "கல்யாணத்தன்னிக்கு மொதப் பந்தியில சம்பந்தி பக்கத்துல உக்காந்து சோத்துக்கையால நாலு வாய் சாப்பிடணும் தம்பி. அது போதும்லா எனக்கு." இதை ஊன்றுகோலால் தரையில் தட்டித் தட்டிச் சொன்னார்.

மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண் பொறுமைசாலி. வலது கைக்குப் பயிற்சி கொடுப்போம், அதே சமயம் இடது கையால் கரண்டி பிடிக்கவும் பழகட்டும் என்று சொன்னாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பீச்சாங்கையால சாப்பிட்டா அந்தச் சோறு ஒடம்புல ஒட்டுமா?" அண்ணியும் தலையாட்டினார். நானும்தான். இடது கையை விட்டால்தான் வலது கைக்கு ரோஷம் வரும் என்று பெரிய வைத்தியன் மாதிரி சொன்னேன். அன்றிலிருந்து அண்ணிதான் ஊட்டிவிட்டார். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

விளையாட்டும் கைக்கு நல்லதுதான் என்று அவள் வேறெதற்கோ சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புக்கிட் பெருவாங்கில் அண்ணன் வீட்டுக்கு முதல் கருவியோடு போனேன்.

அது கையில் பிடிக்கும் குச்சி. அதன் உள்ளே இருக்கும் சில்லு, வீச்சின் வேகத்தை மட்டும் உணரும். கை மேலே இருக்கிறதா, மடியில் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பந்து உருட்டும் விளையாட்டுக்கும் டென்னிசுக்கும் அது போதும். சோபாவில் படுத்துக்கொண்டு மணிக்கட்டைச் சுண்டினாலே டிவியில் இருக்கும் ஆள் முழுக் கையையும் சுழற்றுவான். அண்ணன் விரல்களைச் சுற்றிக் குச்சியைத் துணியால் கட்டினேன். இரண்டு வாரத்தில் தோளை ஒரு குலுக்குக் குலுக்கிப் பத்துக் கட்டைகளையும் விழவைத்தார். அண்ணி கைதட்டினார். எனக்கு அந்தத் தந்திரம் தெரியும். கை ஒரு இம்மிகூட எழவில்லை என்பதும் தெரியும். இது ஏமாற்றுக் கருவி என்று திட்டிவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது, டிவியின் மேல் உட்கார்ந்து ஆளையே பார்க்கும் காமிரா. கையில் எதையும் பிடிக்க வேண்டாம். நடன விளையாட்டுக்கு அதுதான் ராஜா, முழு உடம்பும் கணக்கில் வரும். ஆனால் ஆள் நிமிர்ந்து தனியாக நிற்க வேண்டும். அண்ணனால் நெடுநேரம் நிற்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலியின் கையையும் அவர் கையையும் அதனால் பிரிக்க முடியவில்லை. அண்ணி பின்னால் நின்று அவர் முழங்கையைத் தாங்கித் தூக்கிவிட்டார். உடனே டிவியில் உருவம் இரண்டு கையையும் தூக்கி ஆடியது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாரு தம்பி, தூக்குது பாரு!"

மூன்றாம் நாள் நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். காமிரா பிடித்துக்கொண்டிருந்தது அண்ணியை. மூன்று நாளாக ஆடி மதிப்பெண் வாங்கியது அண்ணியின் கைகள்தான். சொன்னதும் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு சமையலறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மூன்றாவதுதான் தலையில் மாட்டும் கண்ணாடி. பழையது ஒன்று கடைக்கு வர நாலைந்து மாதம் ஆனது. ஆளுக்கு வெளி உலகம் தெரியாது, உள்ளே இருக்கும் உலகம் மட்டும்தான் தெரியும். கை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று விரற்கடை பிசகாமல் அது சொல்லும். வில் வித்தைக்கும் கத்திச் சண்டைக்கும் அதை அடிக்க ஆளில்லை. உள்ளதை உள்ளபடி காட்டும் கருவி என்று நான் சத்தியம் பண்ணுவேன். ஒரு மேசை, மேசையில் பழங்கள், நெஞ்சு உயரத்தில் ஒரு கூடை, தொட்டாலே பழம் கையில் ஒட்டிக்கொள்ளும், அதைக் கூடையில் போட வேண்டும். அவ்வளவு எளிய விளையாட்டு. அண்ணனுக்கு மாட்டிவிட்டேன்.

கருவி உள்ளபடிதான் காட்டியது. மேசைமேல் ஒரு கை கிடந்தது, ஒரு சாண் எழுந்தது, விழுந்தது. பத்து நாளும் அதே ஒரு சாண். பதினோராம் நாள் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு, "இது என் கையவிட மோசமா இருக்குலா," என்றார். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

கை எட்டாதவர்களும் விளையாட வேண்டுமே என்று அந்த விளையாட்டில் ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு சாண் தூக்கினால் மூன்று சாண் தூக்கியதாகக் காட்டும். நல்ல எண்ணத்தோடு வைத்தது. அண்ணனிடம் சொல்லாமல் அதைக் கூட்டிவைத்தேன். கொஞ்சம் உற்சாகம் வந்ததும் குறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் பழம் கூடையில் விழுந்தது. அண்ணன் ஓவென்று கத்தினார். அண்ணி ஓடி வந்து பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே கை தொடைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன். "நல்லா தூக்குறீங்க," என்றார் அண்ணி. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். நாங்கள் பூனையின் கண்ணைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

குறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். அவர் சிரிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு வராது. கண்ணாடியைக் கழற்றியபின் தன் கையைப் பார்த்து, களைத்துப்போயிருக்கிறது, அதனால்தான் இப்போது தூக்க முடியவில்லை என்று அவரே காரணம் சொல்லிக்கொள்வார். நாங்கள் ஆமாம் போடுவோம்.

கல்யாணத்தன்று முதல் பந்தி. வாழை இலை போட்டார்கள். சம்பந்தி பக்கத்தில் அண்ணன் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தார். ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டார். அண்ணி கைப்பையில் கரண்டி வைத்திருந்தார், அதை எடுக்கக்கூட விடவில்லை. சோறு வந்தது, சாம்பார் வந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி இலை ஓரத்தில் வைத்தார். கண்களை மூடிக்கொண்டார். தோளைத் தூக்கினார்.

கை எழுந்தது. அதே ஒரு சாண். பிறகு இலையில் விழுந்து சோற்றை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. சாம்பார் வேட்டியில் வழிந்தது. மறுபடியும் தூக்கினார். மூன்றாம் தடவை கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். சம்பந்தி நல்ல மனிதர், தன் இலையை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

அண்ணன் இடது கையை நீட்டி இலையின் மேல்பாதியைத் தன் பக்கமாக மடித்தார். கல்யாண வீட்டில் எப்படி மடிக்க வேண்டுமோ அப்படியே மடித்தார். சோறு முழுவதும் உள்ளே இருந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

நான் ஊன்றுகோலை எடுத்து நீட்டினேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று யாராவது சும்மா பேச்சுக்குச் சொன்னால்கூட இப்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறேன்.

அதோடு எல்லாம் முடிந்தது. இனி இதற்கு மேல் வராது என்று மருத்துவமனையிலும் சொல்லிவிட்டார்கள். அந்த மலாய்ப் பெண் கரண்டியைப் பற்றி மறுபடி பேசினாள். இப்போது அண்ணன் இடது கையால்தான் சாப்பிடுகிறார், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, யாரும் இல்லாதபோது. நான் போனால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். என்னோடு சண்டை போட்டிருந்தால் தேவலை. வா, உட்கார், தண்ணி குடிக்கிறியா என்பதோடு சரி.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், கண்ணாடியையும் மற்றதையும் கடைக்கு எடுத்துப் போய்விடலாம் என்று பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டார்.

"அத மாட்டிவிடு தம்பி."

மாட்டிவிட்டு, அந்த அமைப்பைக் குறைக்கப் போனேன். ஏழு மாதமாகக் குறைக்காமல் விட்டதை அன்றைக்காவது குறைக்க வேண்டும் என்று தோன்றியது.

"கொறைக்காத. அப்ப எப்படி வச்சிருந்தியோ அப்படியே இருக்கட்டும்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் அப்படியே விட்டேன். உள்ளே பழத்தை எடுத்திருக்க வேண்டும், தோள் அசைந்தது. கூடையின் பக்கம் போகவில்லை. தொடைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கை நடுங்கியபடி நின்றது. அண்ணன் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி வாயைத் திறந்தார்.