பனிக்கு நடுவே ஒரு மல்லாட்டைக் கொல்லை

இரண்டு வருடம் முன்பு நடந்தது. கண்டமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். அட்சரேகை, தீர்க்கரேகை என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். அதனால் வானிலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, அவரவர் வீட்டைத் தேடி அதற்குரிய இரண்டு எண்களை எழுதி வரச் சொன்னேன். மறுநாள் அந்த எண்களைத் திரையில் அடிக்க அடிக்க, மாட்டுக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொருவர் வீடாக வந்தது. வகுப்பே கூத்தாடியது.

ஒரு மாணவி மட்டும் எண்களை முன்பின்னாக மாற்றி எழுதியிருந்தாள். எழுபத்தொன்பது முதலில், பன்னிரண்டு பிறகு. அது வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது, திரை முழுக்கப் பனி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஒங்க வூட்ல எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கினுதான் தூங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. அதன்பின் அவளுக்குப் 'பனிக்கரடி' என்றே பெயர் நிலைத்தது. நானும் தடுக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறன்று நானும் கணவரும் இரும்பை என்ற ஊரில் உள்ள கோயிலுக்குப் போய்விட்டு, குறுக்கு வழியில் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். போன் வந்தது என்று ஒரு பனைமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். மேலே கதண்டுக் குளவிக் கூடு இருந்தது தெரியாது. நாலைந்து கதண்டுகள் கொட்டியதுமே முகம் வீங்கி, மூச்சு வாங்கி, அப்படியே மண்ணில் சாய்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஓட்டுநர் ஊருக்குப் புதியவர். சுற்றிலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையும் பனைமரமும்தான், என்ன அடையாளம் சொல்வது? இடத்தை அனுப்ப நெட்டும் இல்லை. போன் காட்டிய இரண்டு எண்களையும் அவசர அவசரமாகப் படித்தேன்.

"மேடம், இங்க வெறும் ஐஸா காட்டுது. சரியா பாத்து சொல்லுங்க" என்றார் அவர்.

மறுபடியும் அதே மாதிரிதான் படித்தேன். கணவரின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

என் கூச்சல் கேட்டு, பக்கத்துக் கொல்லையில் அம்மாவோடு மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். அதே மாணவி. ஓட்டுநர் சொன்னது ஸ்பீக்கரில் அவள் காதிலும் விழுந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"அண்ணா, மொதல்ல பன்னெண்டு, அப்பறந்தான் எழுவத்தொம்போது. ஒண்ணொண்ணா சொல்றேன், எழுதிக்கோங்க."

புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்களையெல்லாம் நிதானமாகப் படித்தாள். இருபது நிமிடத்தில் வண்டி வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

கணவர் தேறியபின் பள்ளிக்குப் போனேன், நான் எண்களை மாற்றிப் படித்ததை அவள் எல்லோரிடமும் சொல்லியிருப்பாள் என்ற பயத்தோடுதான். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. "சாருக்கு எப்டி இருக்குதுங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எண்களை மாற்றி அடித்து அதே பனியைத் திரையில் போட்டேன். அவசரத்தில் நான் சொன்ன இடம் இதுதான் என்று நடந்ததைச் சொல்லி, எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்றைக்கும் கணவர் எதிரில் உட்கார்ந்து காபி கேட்கும்போதெல்லாம், சிரிக்க எல்லா நியாயமும் இருந்தும் சிரிக்காமல் என்னிடமிருந்து போனை வாங்கிய அந்த மண் ஒட்டிய கையைத்தான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.