கிளினிக் விரதம்

விடையை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்து கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் தொழில் எங்களுடையது. மன்னார்த் தீவிலிருந்து தினமும் பாலம் கடந்துபோய், அக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் சீனி வருத்தக் கிளினிக்கில், அதாவது நீரிழிவுக் கிளினிக்கில், தாதியாக வேலை செய்கிறேன். சனம் என்னை ‘மிஸி’ என்று கூப்பிடும். என்னைப்போலக் கதிரை போட்டு இருந்து பதில் சொல்லியே தொண்டை வறண்டவர்களே, இது உங்களுக்காக.

பனங்கட்டி

ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், கந்தோரில் வேலை பார்த்தவர், தேத்தண்ணிக்குச் சீனி போடலாமோ என்று கேட்டார். கூடாது என்றேன். அப்படியென்றால் பனங்கட்டி கடிக்கலாம்தானே என்றார். இரத்தத்துக்குள் போனால் இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கினேன். படித்த மனிதர், தலையாட்டிக் கேட்டார். எனக்கும் கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது. எழும்பிப் போகும்போது என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்:

“பனங்கட்டி எங்கட மரத்தில இருந்து வாறது, பிள்ளை. சீனிதான் கப்பலில வாறது.”

பஸ்ஸில் ஒரு கிளினிக்

வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் விடமாட்டார்கள். என்னைத் தெரிந்த ஒரு அம்மா, தலை சுற்றுகிறது, பிறசர்க் குளிசையை நிப்பாட்டலாமோ என்று கேட்டா. நிப்பாட்ட வேண்டாம், நாளைக்கே வந்து அளந்து பாருங்கோ என்றேன். அதற்குள் பின் சீற்றிலிருந்து முருங்கையிலை வைத்தியம் வந்தது. கொண்டக்டர் ரிக்கெற் கிழித்துக்கொண்டே உள்ளிப்பூண்டைச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முன் சீற்றுக்காரி திரும்பி அந்த அம்மாவிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது:

“மிஸி சொல்லுறது சரிதான். ஆனா நீங்கள் நான் சொல்லுறதைக் கேளுங்கோ.”

விரதம்

இனிச் சிரிப்பு இல்லை. பாப்பாமோட்டையிலிருந்து யோகேஸ்வரி அக்கா வருவா. கூலிக்கு வயலில் களை பிடுங்குகிறவ. மாதம் முழுக்கச் சோறும் இனிப்புத் தேத்தண்ணியும்தான். குளிசை நினைத்தால் உண்டு. கிளினிக் நாள் கிட்ட வந்ததும் சோற்றை விட்டு, பாகற்காய்ச் சாறு குடித்து, குளிசையை நேரம் தவறாமல் போடுவா. கந்தசஷ்டிக்குக்கூட அப்படி விரதம் பிடித்திருக்க மாட்டா. இரத்தம் எடுத்துப் பார்த்தால் சீனி அளவாக இருக்கும். எங்களிடம் அன்றைய சீனியைப் பார்க்கிற கருவி மட்டும்தான் உண்டு. அதை நம்பிய டொக்டர், “வெரி குட்” என்று சொல்லிக் குளிசையையும் குறைத்துவிட்டார். அக்கா வெளியே வந்ததும் நேரே தேத்தண்ணிக் கடைதான்.

அக்கா மட்டுமல்ல, வரிசையில் பாதிச் சனம் இப்படித்தான். டொக்டரிடம் சொன்னேன். அவர் எழுந்துவந்து எல்லாரையும் ஒன்றாக நிற்கவைத்து ஏசினார். அடுத்த மாதம் சனம் இன்னும் கொஞ்சம் முந்தியே விரதத்தைத் தொடங்கிவிட்டது. ஏனக்கா உங்களை நீங்களே ஏமாத்துறீங்கள் என்று கேட்டேன். அக்கா கண் கலங்கிவிட்டா.

“சீனி கூடினா டொக்டர் பேசுறது வாசல்வரைக்கும் கேக்குது, மிஸி. பேரப்பிள்ளை கண்ட நான், என்ன பள்ளிக்கூடப் பிள்ளையே?”

இறால் சாப்பிடலாமோ?

ஒருநாள் அக்கா காலில் சீலைத்துண்டு சுற்றிக்கொண்டு வந்தா. வயலில் நத்தை ஓடு வெட்டியதாம். கிளினிக் நாள் இல்லை. அக்கா கேட்க வந்தது ஒரேயொரு கேள்வி. “காயத்துக்கு இறாலும் நண்டும் கிரந்திதானே, புண்ணை ஆறவிடாதுதானே, மிஸி? நான் தொடவேயில்லை. பிறகேன் காயுதில்லை?” சீலையை அவிழ்த்தேன். மணம் முதலில் வந்தது. இரண்டு விரல் கறுத்திருந்தன, கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வலிக்கவில்லை என்றா, அந்தக் காலில் உணர்ச்சியே இல்லை. கைவிரலில் குத்திச் சீனி பார்த்தேன், கருவி இலக்கம் காட்டாமல் அளவுக்கு மேல் என்றது. அன்றைக்கு அக்கா விரதம் இல்லை. அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று நானும் கத்தினேன். டொக்டரை ஏமாற்றச் செய்த கணக்கு உண்மையென்று அக்காவே நம்பியிருந்தா.

“எனக்குத்தான் சீனி குறைஞ்சிட்டுதே, மிஸி. டொக்டரே நல்லம் எண்டு சொன்னவர்.”

மரியாதை

பெரியாஸ்பத்திரியில் அக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திரும்பவும் கிளினிக்குக்கு வந்த நாள், மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி இறக்கினான். வரிசை தானாக விலகியது. சீனி கூடித்தான் இருந்தது. டொக்டர் சீனி அளவு எழுதின துண்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார். மெதுவான குரலில், “அம்மா, ஊசி மருந்து போடுவம்” என்றார். அந்தக் குரல் அவரிடம் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெளியே வாங்குப் பலகையில் இருத்தியபோது அக்கா என் கையைப் பிடித்தா.

“பாத்தீங்களே, மிஸி? இண்டைக்கு அவர் ஏசிப் பேசேல்லை. கால் போனாத்தான் மரியாதை வருது.”

இத்தனை காலமும் பேசிப் பேசி நாங்கள் சாதித்தது, மாதத்தில் ஒரேயொரு நாள் மட்டும் சுகமாக இருக்கிற ஊர்களைத்தான்.